பேட் நியூஸா, புளியங்கொட்டையா? பொய்ச்செய்தி வகுப்புக்கு எந்த விளையாட்டு

போன மாதம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களிடம் இருந்தது ஒரு சனிக்கிழமை மதியம், கோயில் மண்டபத்துச் சாவி, இருபது பிள்ளைகள், 150 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). "பொய்ச்செய்தியைப் பத்திப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும் டீச்சர். பேச்சாளரைக் கூப்பிட்டா பாதிப் பேர் தூங்கிடுவாங்க. விளையாட்டெல்லாம் இருக்காமே, அதுல எது நல்லது?" இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. டியூஷன் சென்டர் நடத்தும் தோழி கேட்டாள், கோயில் இளைஞர் பிரிவுத் தம்பி கேட்டார். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து, தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்தவர்கள் பலர் தாமானுக்கு, அதாவது புதுக் குடியிருப்புக்கு, குடிபோய்விட்ட ஊர். ஆனாலும் பழைய தோட்டத்துப் பேச்சு விட்டுப்போகவில்லை. முன்பு காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேசியது இப்போது வாட்ஸ்அப் குழுவில் ஓடுகிறது. இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது: வெள்ளை வேனில் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று. மறுநாள் பழைய சாமான் வாங்க வந்த ஒருவரின் வேனை இளைஞர்கள் மறித்து, அரைமணி நேரம் கீழே இறங்கவிடவில்லை. நல்லவேளை, கைகலப்பு ஆகவில்லை. அப்புறம் நிதானமாகக் கேட்டுப் பார்த்தால், அந்தக் குரல்பதிவில் சொன்ன ஊர்ப்பெயர் ஒன்றுகூடப் பேராக்கில் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அதை அனுப்பியிருந்தார்கள். நானும் என் அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

நான்கு வகை விளையாட்டுகளை இதுவரை நடத்திப் பார்த்திருக்கிறேன். எதை எதோடு ஒப்பிடுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எதை வைத்து அளப்பது

நம் பிள்ளைகளுக்குப் பொய் எந்த வழியாக வருகிறதோ, விளையாட்டிலும் அதே வழியாக வர வேண்டும். அமெரிக்கத் தேர்தலைப் பற்றிய போலி இணையப் பக்கத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, சித்தப்பா அனுப்பும் குரல்பதிவைக் கண்டால் ஒன்றும் தோன்றுவதில்லை. இங்கே பொய் வருவது தெரிந்தவர் கைவழியாக, தமிழில், அதுவும் "நல்ல மனசோடு".

எனக்கு முக்கியமானது அடுத்த அளவுகோல்: விளையாடி முடித்த பிள்ளை உண்மையை உண்மை என்று சொல்கிறதா? பல விளையாட்டுகளில் வருவதெல்லாம் பொய்தான். எல்லாவற்றுக்கும் "பொய்" என்று சொன்னாலே முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். அப்படிப் பழகிய பிள்ளை, வெள்ள எச்சரிக்கை வந்தாலும் "அட, சும்மா" என்று சொல்லும்.

மொழி, செலவு என்று இன்னும் இரண்டு. செலவில் கண்ணுக்குத் தெரியாததையும் சேர்க்கவேண்டும்: ஆசிரியரின் இரவு நேரம், யாருடைய டேட்டா, யாருக்கு என்ன வம்பு. கடைசியாக, விளையாட்டு வீடு வரை போகிறதா என்று பார்ப்பேன். குழுவில் அதிகம் அனுப்புவது பிள்ளைகள் இல்லையே, நாம்தானே.

1. திரையில் ஆயத்த விளையாட்டு: பேட் நியூஸும் அதன் தம்பிகளும்

"பேட் நியூஸ்" 2018-இல் வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாண்டர் வான் டெர் லிண்டன், யோன் ரோசன்பீக் ஆகியோரும் டுரோக் என்ற நெதர்லாந்துக் குழுவும் சேர்ந்து செய்தது. இதில் நாம் பொய்யைப் பிடிப்பதில்லை, நாமே பொய் பரப்புகிறோம். ஆள்மாறாட்டம், உணர்ச்சியைக் கிளறுதல், ஊரை இரண்டாக்குதல், சதிக்கதை கட்டுதல், குறை சொன்னவரின் பெயரைக் கெடுத்தல், வம்பிழுத்தல் என்று ஆறு தந்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதக்கம். பின்தொடர்பவர்கள் ஏற வேண்டும், நம்பகத்தன்மை இறங்கக் கூடாது. கால்மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதற்குப் பின்னால் இருப்பது தடுப்பூசிக் கணக்கு. வில்லியம் மெக்குவயர் என்ற உளவியலாளர் 1960-களில் சொன்னது: பொய்யின் பலம் குறைந்த ஒரு துளியை முன்கூட்டியே கொடுத்துவிட்டால், பெரிய பொய் வரும்போது மனம் எதிர்த்து நிற்கும். 2020-இல் இதே வழியில் "ஹார்மனி ஸ்கொயர்", கோவிட் பொய்களுக்காக "கோ வைரல்" இரண்டும் வந்தன. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த "ஃபேக்டிஷியஸ்" வேறு மாதிரி: கட்டுரையைப் படித்து, உண்மையா பொய்யா என்று பக்கவாட்டில் தள்ள வேண்டும்.

இடைநிலைப்பள்ளிப் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களிடம் பேட் நியூஸ் நன்றாகவே எடுபட்டது. காசு கேட்கவில்லை, எதையும் இறக்கி வைக்க வேண்டியதில்லை, உலாவியிலேயே ஓடியது. குறும்பு செய்ய அனுமதி கிடைத்த மாதிரி உட்கார்ந்து விளையாடினார்கள். "சார் ஒருத்தர் அனுப்பினதுல மூணாவது பதக்கம் இருக்கு டீச்சர்" என்று ஒருவன் இரண்டு வாரம் கழித்து வந்து சொன்னான். தந்திரத்துக்குப் பெயர் தெரிந்துவிட்டால் அது கண்ணில் படுகிறது. இந்த விளையாட்டின் நிஜமான லாபம் அதுதான்.

ஆனால் மறைந்த செலவுகள் உண்டு. நாங்கள் விளையாடியது ஆங்கிலத்தில். தமிழ்ப்பள்ளி ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் பொத்தானை அமுக்கிக்கொண்டே போனார்கள். பதக்கம் எல்லாருக்கும் கிடைத்தது, என்ன படித்தாய் என்றால் விழித்தார்கள். மண்டபத்தில் வைஃபை கிடையாது. என் கைப்பேசி டேட்டாவில் எட்டுப் பேர் தொங்கினார்கள்.

பலன் நிற்பதும் குறைவு. இடையிடையே சோதித்து நினைவூட்டினால் மூன்று மாதம் வரை தாக்குப்பிடிக்கிறது, சும்மா விட்டால் இரண்டு மாதத்தில் கரைந்துவிடுகிறது என்று 2021-இல் வந்த ஆய்வு சொல்கிறது. 2023-இல் வேறு ஆய்வாளர்கள் பழைய தரவுகளை மறுபடி அலசி ஒரு சங்கடமான விஷயத்தைச் சொன்னார்கள்: பேட் நியூஸ், கோ வைரல் விளையாடியவர்கள் உண்மையையும் பொய்யையும் பிரித்தறிவதில் தேறிவிடவில்லை, எல்லாவற்றையும் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகிக்கிறார்கள், அவ்வளவுதான் என்று. இது இன்னும் சர்ச்சையில் இருக்கிறது. என் வகுப்பில் நான் பார்த்தது இரண்டாம் தரப்புக்கே ஒத்துப்போகிறது.

நமக்கு அதைவிட நெருக்கமான இன்னொன்று. கேம்பிரிட்ஜ் குழுவினரே பேட் நியூஸை வாட்ஸ்அப் போல மாற்றி, இந்தியாவுக்கேற்பச் செய்து சோதித்தார்கள். அதில் தெளிவான பலன் எதுவும் தெரியவில்லை என்று அவர்களே எழுதிவிட்டார்கள். ஓரிடத்தில் வேலை செய்த விளையாட்டு, ஊரும் பழக்கமும் மாறினால் அப்படியே வேலை செய்யாது.

எப்போது இதுவே சரி: பதினாறு வயதுக்கு மேல், ஆங்கிலம் ஓடும், ஆளுக்கொரு திரை உண்டு, விளையாடியபின் உட்கார்ந்து பேச அரைமணி நேரம் இருக்கிறது என்றால். அந்தப் பேச்சு இல்லாவிட்டால் இதைத் தொடவே வேண்டாம்.

2. நாமே வெட்டி ஒட்டும் அட்டை

இதை நான் கூடுதலாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இது என் பிள்ளை மாதிரி.

நாற்பது அட்டை. ஒவ்வொன்றிலும் நம் குழுக்களில் நிஜமாக வந்த ஒரு செய்தி, பெயரும் எண்ணும் எடுத்துவிட்டு. பாதி உண்மை, பாதி பொய். இந்தப் பாதிக்குப் பாதியை மட்டும் யார் சொன்னாலும் மாற்றாதீர்கள். நீர்த்தடை அறிவிப்பு, பள்ளி விடுமுறை மாற்றம், இறுதிச்சடங்கு நேரம், ரத்ததான முகாம் எல்லாம் உண்மைப் பக்கத்தில் இருக்கட்டும். பூண்டு தின்றால் கோவிட் வராது, வேனில் பிள்ளை பிடிக்கிறார்கள், இணைப்பை அமுக்கினால் உதவித்தொகை என்பவை மறுபக்கம். பலமுறை கைமாறி வந்த செய்திக்கு வாட்ஸ்அப் போடும் இரட்டை அம்புக்குறி இருக்கிறதே, குறைந்தது ஐந்து கை தாண்டி வந்தது என்று அர்த்தம், அதையும் சில அட்டைகளில் வரைந்துவிடுங்கள். சில உண்மைச் செய்திகளிலும் வரையுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் அம்பை மட்டும் பார்த்தே விளையாடுவார்கள்.

நான்கு பேர் ஒரு அணி. ஒவ்வொரு அட்டைக்கும் மூன்று வழி: நம்பு, தள்ளு, விசாரி. விசாரிக்க ஒரு புளியங்கொட்டை கொடுக்க வேண்டும். அணிக்கு ஆறே கொட்டை. கொட்டை கொடுத்தால் அந்த அட்டைக்கான உறையைத் திறக்கலாம். உள்ளே முதலில் யார் சொன்னது, எந்தத் தேதி, அதிகாரப்பூர்வ அறிவிப்பு உண்டா என்று எழுதியிருக்கும். சரியாகச் சொன்னால் ஒரு மதிப்பெண். பொய்யை நம்பினால் இரண்டு போச்சு. உண்மையைத் தள்ளினாலும் அதே இரண்டு போச்சு.

கொட்டை வைத்தது சும்மா பல்லாங்குழி ஆசைக்காக என்றுதான் ஆரம்பித்தேன். போகப்போகத்தான் விஷயம் புரிந்தது. யாராலும் எல்லாவற்றையும் விசாரிக்க முடியாது. எதை விசாரிப்பது, எதைச் சும்மா விட்டுவிடுவது என்று முடிவு செய்வதிலேயே பாதித் திறமை இருக்கிறது. முதல் ஆட்டத்தில் எல்லா அணியும் முதல் ஆறு அட்டையிலேயே கொட்டையைத் தீர்த்துவிட்டுத் தலையில் கைவைத்தது. இரண்டாவது ஆட்டத்தில் கேட்கத் தொடங்கினார்கள்: "இது பொய்யா இருந்தா யாருக்கு நஷ்டம்?" காசு, உடம்பு, ஒருவர் மேல் பழி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால் கொட்டை போடுவது என்று அவர்களே ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். நான் சொல்லித்தரவில்லை.

ஒருநாள் பேரனை அழைத்துப்போக வந்த பாட்டி ஒருவரையும் உட்கார வைத்தோம். முப்பது வருடம் பால் வெட்டியவர். வந்த அட்டை: உதவித்தொகைக்குப் பதிவு செய்ய இணைப்பை அமுக்கவும், வங்கி விவரம் தரவும். பையன்கள் அரசாங்கச் சின்னத்தைப் பார்த்து "நம்பு" என்றார்கள். பாட்டி சொன்னார்: "காசு குடுக்கிறவன் எதுக்குடா என்கிட்ட ரகசிய நம்பர் கேக்கிறான்? கேக்கிறவன் எடுக்கிறவன்." சாரா என்ற அரசாங்கத்தின் நூறு வெள்ளி உதவி 2025-இல் பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும் மைகார்டு என்ற அடையாள அட்டையிலேயே தானாக வந்தது, யாரும் எங்கேயும் பதியவில்லை என்பதும் அவர் நினைவுக்கு வந்தது. அந்த அணி ஜெயித்தது. பேரன் அன்றைக்குப் பாட்டியைப் பார்த்த பார்வையைத் திரை விளையாட்டில் நான் பார்த்ததே இல்லை.

மறைந்த செலவு: உங்கள் இரவுகள். அச்சடிக்க, அட்டை வாங்க எனக்கு 40 வெள்ளிக்குள் முடிந்தது. ஆனால் நாற்பது செய்தியைத் தேடி, ஒவ்வொன்றையும் சரிபார்த்து உறை தயார் செய்ய மூன்று வாரம் ஆனது. ஒரு அட்டையில் நானே தவறு செய்திருந்தேன். உண்மை என்று போட்டிருந்த ஒரு மருத்துவக் குறிப்பு அரைகுறை. தாதியாக வேலை செய்யும் ஒரு தாய் பிடித்துவிட்டார். அவமானம்தான், ஆனால் அந்த அட்டையைத் திருத்தாமல் வைத்திருக்கிறேன். "டீச்சரும் ஏமாந்த அட்டை" என்று பிள்ளைகள் தேடி எடுக்கிறார்கள்.

இன்னொன்று, அட்டை பழசாகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்தையாவது மாற்ற வேண்டும். குழுவில் யார் அனுப்பியது என்று ஊருக்குத் தெரிந்த செய்தியை எடுக்காதீர்கள். விளையாட்டு முடிந்து சண்டை ஆரம்பிக்கும்.

எப்போது இதுவே சரி: தமிழ்ப்பள்ளி வயது, இணையம் சரியில்லாத இடம், பெற்றோரையும் உட்கார வைக்க ஆசை.

3. கைப்பேசியில் தேடல் பந்தயம்

ஒரு செய்தியைக் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் அது உண்மையா என்று கண்டுபிடி என்று விடுவது. இதற்குப் பின்னால் நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் வெளியிட்டது: வரலாற்றுப் பேராசிரியர்களும் மாணவர்களும் ஒரே இணையப் பக்கத்தை மேலும் கீழும் படித்துக்கொண்டிருக்க, உண்மை சரிபார்க்கும் தொழில்காரர்கள் உடனே பக்கத்தை விட்டு வெளியேறி, அந்தப் பக்கத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஜெயித்தது அவர்கள்தான். சம்பந்தம் பேச வந்தவரை அவர் வாயாலேயே அளக்காமல் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோமே, அதேதான்.

நம் ஊரில் நடத்தியபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. தமிழில் தேடினால் தமிழ்நாட்டுச் செய்தியும் இலங்கைச் செய்தியும் வந்து குவிகின்றன. மலேசியப் புரளிக்குப் பதில் பெரும்பாலும் மலாயில் இருக்கிறது. 2017-இல் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் தொடங்கிய செபெனார்ஞா என்ற உண்மை சரிபார்க்கும் தளமும் மலாயில்தான் எழுதுகிறது. பொய் தமிழில் வருகிறது, மறுப்பு மலாயில் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டும் தெரியும், பாட்டிக்குத் தெரியாது. ஆகவே பந்தயத்தில் ஒரு விதி சேர்த்தேன்: கண்டுபிடித்ததை ஒரு நிமிடத் தமிழ்க் குரல்பதிவாகப் பாட்டிக்குச் சொல்ல வேண்டும், அதற்குத் தனி மதிப்பெண். ஆணையம் 2025-இல் கொண்டுவந்த அய்ஃபா என்ற வாட்ஸ்அப் உதவியாளரிடம் தமிழிலும் கேட்கலாம். ஆனால் பிள்ளைகளை முதலில் தாங்களே தேட விடுங்கள். அதன் பதிலை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு: டேட்டா, கைப்பேசி இல்லாத பிள்ளையின் முகம் (நான்கு பேருக்கு ஒன்று என்று வைத்தால் இது தீரும்), தேடும்போது கண்ணில் படும் வேண்டாத படங்கள். பெரியவர் ஒருவர் ஒவ்வொரு அணியோடும் உட்கார வேண்டும். படிவம் ஒன்றுக்குக் கீழே நான் நடத்துவதில்லை.

4. காதுக்குக் காது, மேடை நாடகம்

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வரிசையாக நின்று காதில் சொல்லும் விளையாட்டு, பத்து நிமிடம், சல்லிக்காசு செலவில்லை, ஆறு வயதிலிருந்து ஆடலாம். செய்தி கைமாறும்போது கெடும் என்று புரியும். வேண்டுமென்றே கெடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது புரியாது. ஆரம்பச் சூடேற்றலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாடகம் ஊரையே கூட்டும், திருவிழாச் சமயத்தில் அருமை. ஆனால் ஒத்திகைக்கு ஆறு வாரம் போகும், நடிக்கும் ஐந்து பிள்ளைகள் கற்றுக்கொள்ளும், மீதி பதினைந்து பேர் வேடிக்கை பார்க்கும்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | திரை விளையாட்டு | அட்டை | தேடல் பந்தயம் | காதுக்குக் காது |
|---|---|---|---|---|
| வயது | 16-க்கு மேல் | 9 முதல் பாட்டி வரை | 13-க்கு மேல் | 6 முதல் |
| நம் ஊர்ச் சரக்கு | இல்லை | முழுக்க | நாம் தேர்ந்தெடுத்தால் | ஓரளவு |
| உண்மையையும் காட்டுகிறதா | குறைவு | பாதிக்குப் பாதி | ஆம் | இல்லை |
| இணையம் | வேண்டும் | வேண்டாம் | வேண்டும் | வேண்டாம் |
| தயாரிப்பு | ஒரு மாலை | மூன்று வாரம் | இரண்டு மாலை | ஒன்றுமில்லை |
| வீடு வரை போகுமா | அரிது | போகும் | குரல்பதிவு விதி இருந்தால் | சிரிப்பாக |

அட்டவணையில் அடங்காத ஒன்று உண்டு. பேட் நியூஸுக்குப் பிறகு ஒரு பையன் கற்றதை உடனே செய்து பார்த்தான்: பள்ளிக்கு மறுநாள் விடுமுறை என்று பள்ளிச் சின்னத்தோடு ஒரு அறிவிப்பு, அம்மாவின் கைப்பேசியிலிருந்து. ஏழு பிள்ளைகள் வரவில்லை. தலைமையாசிரியருக்கு விளக்கம் சொன்னது நான். 2018-இல் கொண்டுவந்த பொய்ச்செய்திச் சட்டம் பிறகு நீக்கப்பட்டுவிட்டது, சரி. ஆனால் 1998-ஆம் ஆண்டுத் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு, பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்கத்தோடு இணையத்தில் பொய்யை அனுப்புவதைக் குற்றமாக்குவது, இருந்துகொண்டுதான் இருக்கிறது. பொய் செய்யச் சொல்லித்தரும் எந்த விளையாட்டிலும், செய்ததெல்லாம் காகிதத்திலேயே இருக்கட்டும், மேலே "விளையாட்டு" என்று பெரிதாக எழுதியிருக்கட்டும், போகும்போது எண்ணி வாங்கிவிடுங்கள்.

அந்த இருவருக்கு நான் சொன்னது

150 வெள்ளி, இருபது பிள்ளைகள், பாதிப் பேர் தமிழ்ப்பள்ளி, பாதிப் பேர் இடைநிலைப்பள்ளி. அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பத்து நிமிடம் காதுக்குக் காது, ஒரு மணி நேரம் அட்டை, நடுவில் தேநீரும் வடையும். என்னுடைய நாற்பது அட்டையை இரவல் தருகிறேன், அதில் பத்தை மட்டும் உங்கள் தோட்டத்துக் குழுவிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைகள் ஆறு பேரைத் தனியே பிரித்துக் கடைசி அரைமணி நேரம் தேடல் பந்தயம். பேட் நியூஸை அந்த ஆறு பேருக்கு அடுத்த மாதம் டியூஷனில் போட்டுக்காட்டலாம். இரண்டு மாதம் கழித்து அதே மண்டபத்தில் இன்னொரு சனிக்கிழமை வேண்டும், அதற்கும் இப்போதே சாவி கேட்டு வையுங்கள்.

"பெற்றோரைக் கூப்பிடலாமா?" என்றார் ஒருவர். அணிக்கு ஒருவர் கட்டாயம் என்றேன். அவர் கொஞ்சம் நெளிந்தார். வேன் குரல்பதிவை எனக்கு அனுப்பியவர் அவர்தான். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கிளம்பும்போது, புளியங்கொட்டை தன் வீட்டில் நிறைய இருக்கிறது, காயவைத்துக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.